அனுப்பாத பத்திரிகைக்கு விழுந்த பச்சை டிக்

என் உத்தியோகத்தில் இதுவரை எழுதிய ஆயிரக்கணக்கான வரிகளில் என் மானத்தை வாங்கியது வெறும் ஏழு வரி. அதை எழுதி முடித்த அன்று நாற்காலியை ஒரு சுற்று சுற்றிவிட்டு, கீழே பேக்கரிக்குப் போய் எனக்கு நானே ஒரு தேங்காய் பன் வாங்கிக்கொண்டேன். அவ்வளவு திருப்தி. இப்போது அந்த பன்னை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

எங்கள் அலுவலகம் துடியலூரில், மேட்டுப்பாளையம் சாலையை ஒட்டி, அந்த பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிறது. மொத்தம் ஐந்து பேர். போனுக்கு ஆப் செய்து கொடுப்பது தொழில். தோட்டத்து மோட்டாரை வீட்டிலிருந்தே போட்டு அணைக்க ஒன்று, கோழிப் பண்ணையில் சூடு எவ்வளவு என்று காட்ட ஒன்று என்று இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு என்ன வேண்டுமோ அதைச் செய்துகொண்டிருந்தோம். அந்த வருடம் கையில் எடுத்தது கல்யாணப் பத்திரிகை ஆப். பத்திரிகையை அதிலேயே வடிவமைத்து, யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று பெயர்ப்பட்டியல் போட்டு, ஒவ்வொருவருக்கும் அதிலிருந்தே அனுப்பலாம். அனுப்பியதும் பெயருக்கு நேராகப் பச்சை டிக் விழும். நேரில் போய்ச் சொன்னால் நாமே விரலால் தொட்டு டிக் போட்டுக்கொள்ளலாம். ஒரே பட்டியல்தான் வீட்டில் எல்லார் போனிலும் தெரியும். ஒருவர் போட்ட டிக் அடுத்தவர் போனிலும் விழும்.

எங்கள் பக்கம் கல்யாணம் என்றால் பாதி வேலை ஒறம்பரைக்கு, அதாவது சொந்தபந்தங்களுக்கு, சொல்வதுதான். ஒரு வீடு விட்டுப்போனால் அவ்வளவுதான். பத்து வருடம் கழித்து வேறு எவர் வீட்டுப் பந்தியிலோ அந்தப் பேச்சு வரும். அதனால் இந்த ஆப் பிய்த்துக்கொண்டு ஓடும் என்று ஐந்து பேரும் நம்பினோம். 'சொல்லியாச்சா என்று கேட்க வேண்டாம், பார்த்தாலே தெரியும்' என்று விளம்பர வாசகம்கூட நானே எழுதிக் கொடுத்தேன்.

என் பங்குக்கு வந்தது பகிர்கிற வேலை. வெளியே பார்த்தால் ஒரு பொத்தான்தான். அதை அழுத்தினால் திரையின் கீழிருந்து ஒரு பலகை எழும்பும். செய்தி அனுப்பும் ஆப், மின்னஞ்சல் என்று வரிசையாக நிற்கும். ஒன்றைத் தொட்டதும் எங்கள் ஆப் ஒதுங்கிக்கொள்ள, தொட்டது முன்னால் வந்துவிடும். அங்கே என்ன நடக்கிறது என்பது எங்களுக்குத் தெரியாது. போனவர் திரும்பி வரும்போது போன் எங்கள் நிரலை, அதாவது நாங்கள் எழுதிவைத்த புரோகிராமை, கூப்பிட்டு ஒரு சேதி சொல்லும். வேலை முடிந்ததா, பாதியில் ரத்தானதா, ஏதாவது கோளாறா என்ற சேதி. அதை வாங்கி என்ன செய்வது என்று எழுதுவதுதான் அந்த ஏழு வரி.

இதில் ஒரு தொல்லை உண்டு. சில வகைப் போன்கள் முடிந்தது, ரத்து, கோளாறு என்று மூன்றையும் பிரித்துச் சொல்லும். வேறு சில வகைப் போன்கள் 'போனவர் வந்துவிட்டார்' என்பதோடு வாயை மூடிக்கொள்ளும். அனுப்பினாரா, சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வந்தாரா என்பதெல்லாம் அவற்றுக்கு அக்கறையில்லை. நான் என்ன செய்தேன்? கோளாறு என்று சேதி வராதவரை எல்லாமே முடிந்ததுதான் என்று எழுதிவிட்டேன். பொத்தானை அழுத்தி, ஆளைத் தேடி, அவ்வளவு தூரம் போனவர் அனுப்பாமலா வருவார் என்பது என் கட்சி.

சோதித்துப் பார்க்கச் சொந்தக்காரர்கள் சிலரிடம் கொடுத்தோம். கொங்குத் தமிழர்களிடம் குறை கேட்பது போன்ற வீண்வேலை உலகத்தில் இல்லை. ஒரு பெரியம்மாவுக்குப் போன் செய்து எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லா இருக்குது கண்ணு, பத்திரிகை அம்சமா இருக்குது" என்றார். ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அவர் போனில் அந்த ஆப் திறக்கவே இல்லை. சொன்னால் பிள்ளை மனசு கஷ்டப்படும் என்று சொல்லாமல் விட்டிருக்கிறார்.

உள்ளதை உள்ளபடி சொல்கிற ஒரே ஆள், ஆப்பில் குறை தேடுவதே வேலையான எங்கள் டெஸ்டர். கோட்டைமேட்டில் அத்தர் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். அவர் மேசைப் பக்கம் போனாலே மல்லிகை அத்தர் மணக்கும். வாயைத் திறந்தால் மட்டும் மிளகாய். ஒரு நாள் போனை என் மேசைமேல் வைத்தார்.

"அக்கா, நான் யாருக்கும் அனுப்பலீங்க. பொத்தானை அழுத்துனேன், மனசு மாறித் திரும்பி வந்துட்டேன். பச்சை விழுந்துருச்சு."

"மனசு ஏங்க மாறணும்? கல்யாணப் பத்திரிகை அனுப்பறவங்க யாருங்க பாதியில திரும்புவாங்க?"

"நான் சேலைக் கடையில பில் போடற எடம் வரைக்கும் போயித் திரும்பி வந்தவ அக்கா. மனுசன்னா அப்படித்தானுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. என் வேலையை யாராவது குறை சொன்னால் எனக்கு முதலில் கோபம் வரும், யோசனை இரண்டு நாள் கழித்துத்தான் வரும். அவர் குறைப்பட்டியலில் 'மனசு மாறினாலும் டிக் விழுகிறது' என்று எழுதியிருந்தார். அதற்குப் பக்கத்தில் நான் 'அவசரமில்லை' என்று போட்டு மூடினேன்.

இந்தச் சமயத்தில்தான் என் தம்பிக்குக் கல்யாணம் கூடிவந்தது. நான் கல்யாணமாகித் துடியலூர் வந்துவிட்டேன். அம்மா, அப்பா, தம்பி மூவரும் சிங்காநல்லூரில். அப்பா மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஆப் இன்னும் வெளியே வராத சமயம். முதல் கல்யாணம் நம் வீட்டுக் கல்யாணமாகவே இருக்கட்டும் என்று மூன்று போனிலும் நானே ஏற்றிக் கொடுத்தேன். அம்மா உட்கார்ந்து பட்டியல் போட்டார். முதல் பெயர் தாராபுரத்து அத்தை.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே அக்கா. அப்பா தாலி கட்டும்போது அம்மா கழுத்தில் மூன்றாம் முடிச்சைப் போட்டவர். அப்படிப்பட்டவரும் அம்மாவும் பேசி ஐந்து வருடம் ஆகியிருந்தது. காரணத்தைக் கேட்டால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிங்காநல்லூர் வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் வைத்தபோது, பல்லடத்தில் ஒரு காதுகுத்து விருந்தில் அத்தையைப் பார்த்த அம்மா, எப்படியும் பார்த்துவிட்டோமே என்று அங்கேயே பத்திரிகையைக் கொடுத்துவிட்டார். அத்தை அப்போது சாப்பிட்டு எழுந்து கை கழுவிக்கொண்டிருந்தார். ஈரக்கையோடு வாங்கிக்கொண்டு "சரி" என்றார். கிரகப்பிரவேசத்துக்கு வரவில்லை. "இத்தன வருசத்து ஒறவுக்குக் கை கழுவற எடத்துல வெச்சா பத்திரிகை குடுப்பா?" என்று அவர் கேட்டதாக மூன்றாம் ஆள் வழியாக அம்மா காதுக்கு வந்தது. அதோடு பேச்சு நின்றது. அப்பா இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, தன் அக்காவைப் பற்றி வீட்டில் பேசுவதையே விட்டுவிட்டார்.

தப்பு தன் பேரில்தான் என்று அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். நிச்சயதார்த்தம் முடிந்த அன்று பாத்திரம் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"உங்கத்தை வந்து முன்னாடி நிக்கோணும் கண்ணு. அவங்க வரலீன்னா எனக்கு இந்தக் கல்யாணம் நடந்த மாதிரியே இருக்காது."

"அப்ப மொதல்ல அங்கதானுங்கம்மா போகோணும்."

"போகோணும். நல்ல நாளாப் பாத்துப் போகோணும்" என்று இழுத்தார். குரலிலேயே பயம் தெரிந்தது.

அழைப்புக்கு இரண்டு கூட்டமாகப் பிரிந்து போனார்கள். அம்மாவும் தம்பியும் ஒரு காரில். அப்பாவும் பெரியப்பாவும் இன்னொன்றில். அவிநாசி, காங்கேயம், பொள்ளாச்சி என்று ஆளுக்கொரு திசை. சாயங்காலம் வெயிலில் வாடி வந்து விழுவார்கள். யார் யார் வீட்டுக்குப் போனோம் என்று பேசிக்கொள்ளும் வேலையே இல்லை, பட்டியலைப் பார்த்தால் போதும். அதை நான் பெருமையாக அலுவலகத்தில் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை, சிங்காநல்லூர் போயிருந்தேன். அம்மா சமையல்கட்டில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தார். அப்பாவோடு மில்லில் வேலை பார்த்த மேஸ்திரி வீட்டுப் பெயரைத் திறந்து, பகிர் பொத்தானை அழுத்தி, செய்தி ஆப்புக்குள் போய், அங்கே அவர்கள் பெயரையும் கண்டுபிடித்தார். சற்று நேரம் அதையே பார்த்தார். பிறகு அனுப்பாமல் பின்னால் வந்துவிட்டார்.

"ஏனுங்கம்மா, அனுப்பலீங்களா?"

"இவங்களுக்குப் போன்ல அனுப்புனா மருவாதியா இருக்காது கண்ணு. நேர்ல போயிச் சொல்லோணும். இந்த மாதிரிப் பெரிய எடத்துக்கெல்லாம் தொறந்து பாத்துட்டு மூடிப்போடுவேன்."

அம்மா சொல்லி முடிக்கவில்லை, பட்டியலில் மேஸ்திரி பெயருக்கு நேராகப் பச்சை விழுந்தது. யார் பாதியில் திரும்புவார்கள் என்று கேட்டேன் அல்லவா, என்னைப் பெற்றவரே திரும்பிக்கொண்டிருந்தார். அதுவும் யாருக்காக? போனில் அனுப்பிவிடலாம் என்கிற ஆட்களுக்கு ஒழுங்காக அனுப்பிவிட்டார். நேரில் போய்த் தட்டு வைத்து அழைக்க வேண்டிய ஆட்களைத்தான் திறந்து பார்த்து மூடியிருக்கிறார். என் ஏழு வரி அவர்களைப் பொறுக்கியெடுத்து, சொல்லியாச்சு என்று ஒதுக்கிவைத்துவிட்டது. மிக நெருங்கியவர்களாகப் பார்த்துக் கழற்றிவிட வேண்டும் என்று யாராவது திட்டம் போட்டிருந்தால்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க முடியாது.

போனை வாங்கிக்கொண்டேன். எந்தப் பெயரை எப்போது பகிரத் திறந்தார்கள், எவ்வளவு நேரத்தில் திரும்பினார்கள் என்று ஆப் உள்ளுக்குள் ஒரு பதிவு வைத்திருக்கும். அதை எடுத்து, செய்தி ஆப்பில் உண்மையில் போனவற்றோடு ஒப்பிட்டேன். போகாமலே பச்சை விழுந்த பெயர்கள் பதினொன்று. முதலில் நின்றது தாராபுரத்து அத்தை.

"ஏனுங்கம்மா, தாராபுரத்துக்கு யாரு போயிட்டு வந்தது?"

"உங்கப்பாதான். அன்னிக்குச் சாயங்காலம் பாத்தாப் பச்சை விழுந்திருந்துச்சே" என்றார் அம்மா.

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்தார். "நானா? நீயும் பையனும் போயிட்டு வந்தீங்கன்னல்ல நெனச்சுட்டு இருக்கறேன்."

குக்கர் மட்டும் விசில் அடித்தது. யாரும் அதை அணைக்கப் போகவில்லை.

"உனக்கே மனசு வந்து போயிருக்கறீன்னு அவ்வளவு சந்தோசப்பட்டேன் அம்மணி" என்றார் அப்பா. "கேட்டாக் கூச்சப்படுவீன்னு கேக்கல."

"நானு என்னைய உட்டுட்டு நீங்க மட்டும் போயிட்டீங்கன்னு ஒரு வாரமா உள்ளுக்குள்ள நொந்துட்டு இருக்கறனுங்க. கேட்டாச் சண்டையாயிரும்னு கேக்கல."

எனக்கு வந்த ஆத்திரத்தில் முதலில் அவர்கள் இருவரையும்தான் திட்டத் தோன்றியது. ஒரே வீட்டில் ஒரே குழம்பைச் சாப்பிடுகிறவர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் முடிந்திருக்கும். பிறகு என் விளம்பர வாசகம் ஞாபகம் வந்தது. கேட்க வேண்டாம், பார்த்தாலே தெரியும் என்று சொல்லிக் கையில் கொடுத்தவளே நான்தான். அம்மா தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"எட்டு நாள் இருக்கறப்பப் போயி நின்னா என்ன நெனைப்பாங்க? ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டு மிச்சமிருக்கற பத்திரிகையக் கொண்டாந்து குடுக்கறாங்கன்னுதான நெனைப்பாங்க? இனி ஜென்மத்துக்கும் பேச மாட்டாங்க."

அம்மா அழுது நான் பார்த்ததில்லை. வெளியே வந்து டெஸ்டருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். இடித்துக்காட்டுவார் என்று எதிர்பார்த்தேன், அவர் இடிக்கவில்லை.

"பட்டியலை எனக்கு அனுப்புங்க அக்கா. பதினொண்ணுதானா, இன்னும் இருக்குதான்னு நானும் ஒரு தடவை பாத்துச் சொல்றேன்" என்றார். வைக்கும்போது மட்டும், "அம்மாகிட்ட என் சலாம் சொல்லுங்க. பாதியில திரும்பறதுக்கு எனக்கொரு துணை கெடச்சுருச்சு" என்றார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் காலை அம்மா, அப்பா, நான் மூன்று பேரும் தாராபுரம் கிளம்பினோம். நான்தான் கார் ஓட்டினேன். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், மஞ்சள் குங்குமம், மேலே பத்திரிகை. அதை அம்மா மடியைவிட்டு இறக்கவில்லை. பின்னால் டிக்கியில் வைத்துக்கொள்ளலாமே என்றேன்.

"கை கழுவற எடத்துல வெச்சுக் குடுத்தது போதாதுன்னு டிக்கியில வேற வெச்சுக் கொண்டு போறதா?"

பல்லடம் வரை அம்மா ஒரு பேச்சை ஒத்திகை பார்த்தார். குண்டடம் தாண்டி, காற்றாலைகள் வரிசையாகச் சுற்றும் இடம் வந்தபோது அதை விட்டுவிட்டு வேறொன்று ஆரம்பித்தார். அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அக்கா வீட்டுத் தெரு வந்ததும் சட்டைக் காலரை இரண்டு தடவை சரிசெய்துகொண்டார்.

அத்தை வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தார். பால்வாடியில் டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். முதுகு இன்னும் நேராக நிற்கும். எங்களைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க" என்றார். எங்கள் ஊரில் ஜென்மப் பகையாக இருந்தாலும் வீட்டுக்கு வந்தவர்களை வாங்க என்று சொல்லித்தான் ஆக வேண்டும், ஆகவே அதை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. உள்ளே உட்காரவைத்து, வெங்காய முறத்தையும் எடுத்துவந்து எதிரே உட்கார்ந்தார். சொம்பில் தண்ணீர் வந்தது. மின்விசிறி சுற்றியது. அம்மாவின் இரண்டு பேச்சும் மறந்துபோயின. தட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"ஒறம்பரைக்கெல்லாம் சொல்லி முடிச்சாச்சாட்ட இருக்குது" என்றார் அத்தை, வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே.

இனி நான் வாயைத் திறக்காவிட்டால் நடக்காது என்று தெரிந்தது. "அத்தை, தப்பு எம்பேர்லதானுங்க" என்று ஆரம்பித்தேன். ஆப், பொத்தான், பலகை, திரும்பி வந்தால் வரும் சேதி, என் ஏழு வரி, பச்சை டிக், அப்பா நினைத்தது, அம்மா நினைத்தது என்று ஒன்று விடாமல் சொன்னேன். பிள்ளை நான்கு நாள் ஏன் வரவில்லை என்று தாய்மார்கள் சொல்லும் காரணத்தைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர், அதே முகத்தோடு கேட்டார்.

"அப்ப, அனுப்பாமயே அனுப்புனதா எழுதிப்போட்டே."

"ஆமாங்க."

"முப்பது வருசம் வருகைப் பதிவேடு எழுதுனவ நானு. வாராத புள்ளைக்கு ஒரு நாளும் வந்துச்சுன்னு போட்டதில்ல கண்ணு."

"தப்புத்தானுங்க அத்தை."

என் பரீட்சை முடிந்தது என்று நினைத்தேன். போனைக் காட்டச் சொன்னார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பதிவில் அவர் பெயர் ஒரே காலையில் மூன்று வரியில் இருந்தது. அவருக்கு அது என்னவென்று விளங்கவில்லை.

"இது என்ன, எம்பேரு மூணு தடவை இருக்குது?"

"அம்மா அன்னிக்குப் பட்டியலுக்குத் திரும்பாமயே மூணு தடவை தொறந்து மூடியிருக்காங்கங்க. மொதத் தடவை நாலு செகண்டு. ரெண்டாவது தடவை பன்னெண்டு. மூணாவது ஒரு நிமிசத்துக்கு மேல."

அத்தை கண்ணாடியைக் கழற்றினார். ஐந்து வருடத்தில் முதல்முறையாக நேராக அம்மாவைப் பார்த்துப் பேசினார். "ஒரு நிமிசம் எம்பேரையே பாத்துட்டு உக்காந்திருந்தியா அம்மணி?"

அம்மாவுக்கு அப்போதுதான் குரல் வந்தது. நாத்தனாரை நங்கையா என்றுதான் எங்கள் பக்கம் கூப்பிடுவார்கள். "அனுப்பலாம்னுதானுங்க நங்கையா தொறந்தேன். போன்ல அனுப்பிப்போட்டா மறுக்காவும் அதே தப்பையே பண்ணுன மாதிரி ஆயிருமேன்னு மூடிட்டனுங்க. நேர்ல வாரதுக்கும் பயமா இருந்துச்சுங்க."

அத்தை வெங்காயத் தோல் ஒட்டிய கையைப் புடவையில் துடைத்தார். "நானும் தம்பி நெம்பரைத் தொறந்து தொறந்து மூடிட்டுத்தான் இருந்தேன். எம்போன்ல அதையெல்லாம் எழுதி வெக்கறதுக்கு ஆளில்ல, அவ்வளவுதான்" என்றார். அப்பா எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அம்மா எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அப்பாவையும் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு கையாலும் தட்டை நீட்டினார். "குடும்பத்தோட முன்னாடியே வந்து, நின்னு நடத்திக் குடுக்கோணுமுங்க நங்கையா." அத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாங்குவதற்கு முன் உள்ளே போய்க் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்தார் என்பதை நான் கவனித்தேன்.

"முடிச்சு யாரு போடறா?" என்று என்னைக் கேட்டார்.

"நான்தானுங்க அத்தை."

"கையி நடுங்கும். உங்கம்மாளுக்குப் போடறப்ப எனக்கு நடுங்குச்சு."

கிளம்பும்போது கால் மூட்டை சின்ன வெங்காயத்தைக் காரில் ஏற்றினார். டிக்கியில்தான் வைத்தோம், வெங்காயத்துக்கு அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நான் போனை எடுத்து, தப்பாக விழுந்த பச்சையை அழித்துவிட்டு, "இப்பச் சரியா டிக் போட்டுக்கட்டுங்களா அத்தை?" என்று கேட்டேன்.

"இப்பப் போடாதே. வந்தப்பறம் போடு" என்றார்.

திங்கட்கிழமை முதல் வேலையாக அந்த ஏழு வரியைத் தூக்கி எறிந்தேன். முடிந்தது, ரத்து, கோளாறு மூன்றுக்கும் தனித்தனி வழி எழுதினேன். வாயை மூடிக்கொள்ளும் போன்களில், ஆள் திரும்பி வந்ததும் 'அனுப்பிவிட்டீர்களா?' என்று ஆப்பே கேட்கும். 'ஆமாம்', 'இன்னும் இல்லை' என்று இரண்டு பொத்தான். யார் டிக் போட்டது என்று பெயரும் வரும். முடிந்தது என்று போனே சொன்னாலும், நம் கையைவிட்டுப் போனது என்றுதான் அதற்கு அர்த்தம். அடுத்த ஆப் வாங்கிக்கொண்டது, அவ்வளவே. அதனால் அதற்கு ஒரு சாம்பல் நிறப் புள்ளி மட்டும் வைத்தேன். பச்சையை ஒரு மனிதர் விரலால் தொட்டால்தான் உண்டு.

எங்கள் முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. "ஒரு கேள்வி சேத்திக் கேட்டாலே ஜனங்க ஆப்பை மூடிட்டுப் போயிருவாங்க" என்றார். நான் தாராபுரக் கதையைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, தன் சின்னம்மா வீட்டுக்கு மூன்று வருடமாகப் போக்குவரத்து இல்லாத கதையைச் சொன்னார். கேள்வி இருக்கட்டும் என்று முடிவானது. ஏழு வரி நாற்பதாக வளர்ந்தது. டெஸ்டர் அன்று முழுக்கப் பகிர் பொத்தானை அழுத்தி அழுத்தி மனசு மாறிப் பார்த்தார்; ஒரு பச்சையும் விழவில்லை. சாயங்காலம் அவருக்கு நான் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு கேட்டார், கொடுத்தேன்.

மற்ற பத்து வீட்டுக்கும் அந்த வாரமே அம்மாவும் அப்பாவும் ஒரே காரில் போய் வந்தார்கள். வழியெல்லாம் யார் மறந்தது என்று சண்டை போட்டதாகத் தம்பி சொன்னான். பேசிக்கொள்கிறார்களே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மண்டபத்தில் கூட்டம் சேர ஆரம்பித்தது. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கும் தூரம்தான். அப்பா ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வாசலுக்குப் போய்த் தெருவை எட்டிப் பார்த்தார். அம்மா பன்னீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் தெளித்தார், பார்வை மட்டும் தெருவில். நான் சும்மா இருக்க மாட்டாமல் பட்டியலைத் திறந்து பார்த்தேன். முதல் பெயருக்கு நேராக இன்னும் காலியாக இருந்தது. வருவார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தேன்.

ஆறு மணிக்கு மேல் அத்தை வந்தார். பட்டுப்புடவை, தோளில் பை, பின்னால் மாமா. அம்மாவின் கையிலிருந்த பன்னீரில் பாதி அத்தையின் முகத்தில் விழுந்தது. அதைத் துடைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"எங்க அந்தப் போனு?"

கொடுத்தேன். கண்ணாடியை மாட்டினார். தன் பெயரைத் தேடிப் பிடித்து, விரலால் அழுத்தமாக ஒரு தொடு தொட்டார். பச்சை விழுந்தது. "வந்துபோட்டேன்ல" என்று போனை என் கையில் வைத்துவிட்டு, அம்மா பக்கம் திரும்பி, மண்டபத்துக்கே கேட்கும்படி கேட்டார்.

"அம்மணி, இங்க கை கழுவற எடம் எங்க இருக்குது?"

சுற்றி நின்றவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்று புரிந்திருக்காது. அம்மா செம்பை என்னிடம் தள்ளிவிட்டு, அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு தானே கூட்டிப்போனார். பந்திக்கூடத்தைத் தாண்டும்போதே இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.